மறுபதிப்பு சரி, எதனுடைய மறுபதிப்பு?

பழைய வார, மாத இதழ்களில் வந்த துப்பறியும் கதைகளையும் திகில், பேய், கொலை நாவல்களையும் மறுபதிப்பாகவும் மின்னூலாகவும் வெளியிட்டு வரும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

முதலில் வெளியான ஆண்டைப் புத்தகத்தில் போடுங்கள் என்று வாசகர்கள் கேட்கும்போதெல்லாம், கதை படிப்பவருக்கு ஆண்டு எதற்கு, அது ஆராய்ச்சியாளர் கவலை என்ற தோரணையிலேயே உங்களில் பலரும் பதில் சொல்கிறீர்கள். போதாததற்கு, பாக்கெட் நாவலாக வந்து நாற்பது ஆண்டு கழிந்த கதைக்கு 'முதற்பதிப்பு' என்று நடப்பு ஆண்டையே போட்டுவிடுகிறீர்கள். நேற்றுப் பிறந்ததாகப் பழைய கதைக்குச் சான்றிதழ் கொடுக்கும் இந்த வழக்கத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதால் இந்த மடல்.

இந்த நாவல்களை இன்று யாரும் தனியாகப் படித்து மூடி வைப்பதில்லை. கோவையில் ஒருவர், கொழும்பில் ஒருவர், துபாயில் ஒருவர் என்று ஒரே வாரத்தில் ஒரே நாவலை எடுத்து, இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து மேய்கிறார்கள். ஒருவர் கையில் பழைய மாத இதழ் இருக்கும். இன்னொருவரிடம் கெட்டி அட்டை மறுபதிப்பு, மூன்றாமவரிடம் மின்னூல். மூவரும் ஒரே கதையைத்தான் படிக்கிறார்களா என்று அவர்களுக்கே தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நீங்கள். புத்தகத்தில் நீங்கள் அதைச் சொல்வதில்லை.

ஆண்டு எதற்கு என்ற கேள்விக்கு ஓர் உதாரணம். கொலை நடந்த இடத்தில் ரத்தக்கறை படிந்த கைக்குட்டை கிடைக்கிறது. ஆய்வுக்கூடம் 'பி பாசிட்டிவ்' என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. அதே ரத்த வகை கொண்ட இரண்டு பேருக்கு நடுவே கதை கடைசிவரை ஊசலாடுகிறது. இந்தக் கதை 1983இல் எழுதப்பட்டிருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. மரபணுவை வைத்து ஆளை அடையாளம் காணும் டி.என்.ஏ. கைரேகை முறையை அலெக் ஜெஃப்ரீஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி கண்டுபிடித்ததே 1984இல்தான். அதை வைத்து இங்கிலாந்தில் ஒரு கொலையாளி முதன்முதலாகத் தண்டனை பெற்றது 1988இல். அதே கதை 2003இல் எழுதப்பட்டது என்றால் எழுதியவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். மறுபதிப்பில் ஆண்டு இல்லாததால், 'டி.என்.ஏ. பார்த்தால் இரண்டாவது அத்தியாயத்திலேயே ஆளைப் பிடித்திருக்கலாமே' என்று புதிய வாசகர் எழுத்தாளரைக் கிண்டலடிக்கிறார். அந்தக் கிண்டல் உங்களுக்குச் சேர வேண்டியது.

தொலைபேசியும் அப்படித்தான். இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31இல் பேசப்பட்டது. அதற்கு முந்தைய கதைகளில் கதாநாயகி எஸ்.டி.டி. பூத்தைத் தேடி ஓடுவதும், டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருப்பதும்தான் திகிலே. சட்டப் பிரிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொலை என்றால் 302 என்று தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தது இந்த நாவல்களும் சினிமாவும்தான். 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி அது 103. பழைய கதையில் உதவி ஆசிரியர் யாராவது 'காலத்துக்கு ஏற்ப' 302ஐ 103 ஆக்கினால், எண்பதுகளின் இன்ஸ்பெக்டர் 2024இன் சட்டத்தைப் பேசுவார். திருத்தாமல் விட்டு ஆண்டையும் போடாவிட்டால், எழுத்தாளருக்குப் புதுச் சட்டம் தெரியவில்லை என்று பழி வரும். முதல் வெளியீடு எப்போது என்ற ஒற்றை வரி இரண்டையும் தடுத்துவிடும்.

அந்த வரி இல்லாததால் வாசகர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கதைக்குள்ளிருந்து ஆண்டைத் தோண்டி எடுக்கிறார்கள். முகவரியில் பின்கோடு வந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. தூத்துக்குடிப் பக்கத்தைச் 'சிதம்பரனார் மாவட்டம்' என்று போலீஸ்காரர் சொன்னால் 1986க்கும் 1997க்கும் இடைப்பட்டது. மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்தது 1997இல். 'பல்லவன்' பஸ் ஓடினாலும் ஏறத்தாழ அதே எல்லைதான், ஆனால் சென்னைவாசிகள் அந்தப் பெயரை அதற்குப் பிறகும் விடவில்லை என்பதால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மெட்ராஸ் அதிகாரபூர்வமாகச் சென்னையானது 1996இல் என்றாலும், தமிழ் எழுத்தில் முன்பிருந்தே சென்னைதான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழைய இதழே கையில் இருந்தால் அட்டை விலை, உள்ளே வந்த சினிமா விளம்பரம், அடுத்த மாத அறிவிப்பு எல்லாம் உதவும். இதுவும் ஒரு துப்பறியும் வேலை, சுவையானதும்கூட. ஆனால் கொலையாளியைத் தேட வேண்டிய நேரத்தில் புத்தகத்தின் பிறந்த தேதியைத் தேட வைக்கிறீர்கள்.

அடுத்தது அத்தியாயம். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் சேதம் உங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

மர்ம நாவலைக் கூடிப் பேசுவதற்கு அடிப்படை ஒழுங்கு ஒன்றுதான்: படிக்காதவரின் சுவையைக் கெடுக்கக் கூடாது. அதற்காகவே 'பதினேழாம் அத்தியாயம் வரை பேசலாம், அதற்கு மேல் படிக்காதவர்கள் விலகிக்கொள்ளவும்' என்று எல்லை போடுகிறார்கள். பக்க எண்ணை வைத்து எல்லை போட முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் பக்கம் மாறும், மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினாலே திரைக்குத் திரை மாறும். எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக மிஞ்சுவது அத்தியாய எண் மட்டும். ஆனால் நீங்கள் தொடர்கதையைப் புத்தகமாக்கும்போது மூன்று வாரத்துப் பகுதிகளை ஒன்றாக்கி ஓர் அத்தியாயம் ஆக்கிவிடுகிறீர்கள், அல்லது எண்ணை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போடுகிறீர்கள். மின்னூலில் அந்த நட்சத்திரமும் காணாமல் போய் வெறும் இடைவெளி நிற்கிறது. விளைவு? ஒருவரின் பதினேழாம் அத்தியாயத்தில் பிணம் மட்டும்தான் கிடைத்திருக்கும். இன்னொருவரின் பதினேழில் கைதே முடிந்திருக்கும். இவர் நல்லெண்ணத்தோடு எல்லைக்குள் நின்று பேசியது அவருக்கு முடிவையே உடைத்துவிடும். பிறகு சண்டை, மன்னிப்பு, ஒருவர் கோபித்துக்கொண்டு விலகுவது.

இதில் எழுத்துக் கலை சார்ந்த இழப்பும் உண்டு. வாரத் தொடரில் ஒவ்வொரு பகுதியும் ஒரு கொக்கியோடு முடியும். கதவு திறக்கும், யார் நிற்கிறார்கள் என்பது அடுத்த வாரம். அந்த இடைவெளியைக் கணக்கில் வைத்தே எழுத்தாளர் அடுத்த பகுதியின் முதல் பத்தியில் பழையதை ஒருமுறை நினைவூட்டுவார். அத்தியாயங்களை ஒட்டவைத்தால் கொக்கி நடுப்பத்தியில் தொங்கும், நினைவூட்டல் வெறும் திரும்பச் சொல்லலாகத் தெரியும். 'சொன்னதையே சொல்கிறார், எடிட்டிங் இல்லை' என்று இன்றைய வாசகர் விமர்சனம் எழுதுகிறார். அன்று வாராவாரம் காத்திருந்து படித்தவருக்கு அது குறையாகப் பட்டிருக்காது.

உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்ததே இல்லையா என்றால், நடந்திருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி பர்ஜஸ் 1962இல் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' மொத்தம் 21 அத்தியாயங்கள். அமெரிக்கப் பதிப்பில் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். அந்த அத்தியாயத்தில்தான் கதாநாயகன் அலெக்ஸ் வளர்ந்து, வன்முறையில் தானே சலிப்புறுகிறான். இயக்குநர் குப்ரிக்கின் 1971 திரைப்படமும் அது இல்லாத கதையையே பின்பற்றியது. 1986இல் அமெரிக்காவில் முழுப் புத்தகம் வரும்வரை கடலின் இரு கரையிலும் இருந்த ரசிகர்கள் ஒரே தலைப்பில் இரண்டு முடிவுகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு நேர் மாறான உதாரணமும் உண்டு. ஸ்டீபன் கிங்கின் 'தி ஸ்டாண்ட்' 1978இல் சுருக்கப்பட்டு வந்தது. 1990இல் விடுபட்ட பகுதிகளைச் சேர்த்து, கதை நடக்கும் காலத்தையும் மாற்றி வெளியிட்டபோது இது முழுமையான, வெட்டப்படாத பதிப்பு என்று அட்டையிலேயே சொன்னார்கள். 'ஃப்ராங்கன்ஸ்டைன்' நாவலில் 1818 பதிப்பின் எலிசபெத், கதாநாயகன் விக்டருக்கு அத்தை மகள். 1831 பதிப்பில் எடுத்து வளர்க்கப்பட்ட அனாதைப் பெண். நல்ல மறுபதிப்புகள் எந்த ஆண்டின் பாடத்தை, அதாவது மூல வடிவத்தை, பின்பற்றுகிறோம் என்று முன்பக்கத்தில் எழுதிவிடுகின்றன. வாசகர்களும் '18ஆ, 31ஆ' என்று கேட்டுக்கொண்டுதான் பேச்சையே தொடங்குகிறார்கள்.

தமிழில் இந்தக் குழப்பத்துக்குக் காரணங்கள் இன்னும் அதிகம். சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு, சிவப்பு, வெளுப்பு' எதிர்ப்பினால் நின்றுபோய், பிறகு 'ரத்தம் ஒரே நிறம்' என்று வேறு தலைப்பில் வந்ததைப் பலரும் அறிவார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா' நாவல், நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொலைக்காட்சித் தொடர் வரிசையில் 'விடாது கருப்பு' ஆனது. தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர் அந்தப் பெயரில்தான் புத்தகத்தைத் தேடுவார். பிரபலமானவற்றின் கதையாவது பேச்சுவழியில் தங்கியிருக்கிறது. ராஜேஷ்குமார் போல 1500 நாவல்களைத் தாண்டி எழுதிய ஒருவரின் படைப்பில் தலைப்பு மாறினால் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? ஒரே கதையை இரண்டு தலைப்பில் காசு கொடுத்து வாங்கிய வாசகர் மூன்றாம் பக்கத்தில் விழித்துக்கொள்கிறார். இரண்டு குறுநாவல்களைச் சேர்த்துக் கட்டி, அட்டையில் ஒன்றின் பெயரை மட்டும் போடுவதும் நடக்கிறது. இரண்டாவது கதை இருப்பதே பட்டியலில் ஏறாது. தேடுகிறவருக்கு அது அச்சில் இல்லாத கதை.

பழைய துப்பறியும் நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942இல் மறைந்தார். அறுபதாண்டுக் காப்புரிமை 2002 இறுதியோடு முடிந்து, அவருடைய நாவல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை வந்தது. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்து நம்பியார் வேஷம் மேல் வேஷம் போட்ட 'திகம்பர சாமியார்' படத்தைப் பார்த்துவிட்டு மூலத்தைத் தேடி வரும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீண்ட வாக்கியங்களும் வடசொற்களும் நிறைந்த அந்த நடையைச் சுருக்குவதும் எளிமையாக்குவதும் உங்கள் உரிமை. சுருக்கியதைச் சொல்லாமல் மூலமென்று விற்பதற்கு எந்த உரிமையும் இல்லை.

மின்னூல்களின் எழுத்துப்பிழை தனி அவலம். பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது, முன்னால் நிற்கும் கொம்புகள் இடம் தவறி அநாதையாக நிற்கின்றன. அந்த எழுத்துருக்களில் கொம்பு மெய்க்கு முன்பும் யூனிகோடில் பின்பும் பதிவாவதே காரணம். பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் ஓட்டினால் கால் எல்லாம் ரகரமாகி, 'வந்தான்' 'வந்தரன்' ஆகிவிடும். 'ஔ' என்று வர வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக இருக்கும். 'க' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஒன்று, 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். துப்பறியும் நாவலில் இது அழகுப் பிரச்சினை அல்ல. 'சாவி முதலில் எந்த அத்தியாயத்தில் வந்தது' என்று வாசகர் மின்னூலுக்குள் தேடினால், 'சரவி' என்று பதிவான இடம் கிடைக்காது. முதல் தடயத்தை எழுத்தாளர் சொல்லவே இல்லை, ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு கோப்பில் இந்த நான்கைந்து பிழைகளைத் தேடிப் பிடிக்க ஒருவருக்கு அரைநாள் வேலை: சொல்லின் தொடக்கத்தில் தனியாக நிற்கும் கொம்பைத் தேடுங்கள், 'ரன்', 'ரள்', 'ரர்' என்று முடியும் சொற்களைத் தேடுங்கள், 'ஒள' என்று தேடுங்கள், அதில் 'ஒளி'யும் 'ஒளிந்தான்'னும் சரியானவை என்பதால் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள், தமிழ் எண்களைத் தேடுங்கள், கடைசியில் கோப்பு முழுவதையும், ஒரே எழுத்தை ஒரே விதமாகப் பதியும் என்.எஃப்.சி. என்ற யூனிகோடு முறையில் சீராக்குங்கள். அதற்குப் பிறகு மனிதக் கண் ஒன்று படிக்க வேண்டும், அதற்கு மாற்று இல்லை.

பின்னட்டைக் குறிப்பு எழுதுகிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாவது கொலை பாதிக்கதையில் வருகிறதென்றால், அது பின்னட்டையில் வரக் கூடாது. முதல் கால்பங்கைத் தாண்டி எதையும் சொல்லாதீர்கள். முடிவை அலசும் முன்னுரையை நூலின் கடைசிக்குக் கொண்டுபோங்கள். இவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

இருட்டான விஷயங்களுக்கு வருகிறோம். பலாத்காரத்தைக் கதை திருப்பமாகப் பயன்படுத்தியவை, சாதிப் பெயரைக் குணத்துக்கு அடையாளமாக வைத்தவை, திருநங்கையரையும் உடற்குறை உள்ளவர்களையும் வில்லனாகவோ கேலியாகவோ மட்டும் காட்டியவை பழைய நாவல்களில் ஏராளம். அவற்றை ரசிப்பவர்களே இன்று அதைப் பற்றிக் காரசாரமாகப் பேசுகிறார்கள், பேச வேண்டும். அப்படிப் பேச, எழுதியது என்ன, எப்போது என்ற இரண்டும் கையில் இருக்க வேண்டும். ஆண்டு இல்லாவிட்டால் எண்பதுகளின் பார்வை இன்றைய எழுத்தாளர் மேல் ஏற்றப்படும். சத்தமில்லாமல் வெட்டிவிட்டால், பழைய இதழைப் படித்தவர் சொல்வதைப் புதிய பதிப்பைப் படித்தவர் பொய் என்பார். 2023 பிப்ரவரியில் சிறுவர் கதை எழுத்தாளர் ரோல்ட் டாலின் புத்தகங்களில் சொற்களை மாற்றியது வெளியே தெரிந்து எதிர்ப்புக் கிளம்பியபோது, பழைய பாடத்தையும் சேர்த்தே விற்பனைக்கு வைப்போம் என்று பஃபின் பதிப்பகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. மாற்ற வேண்டும் என்று எழுத்தாளரோ அவர் குடும்பமோ விரும்பினால் மாற்றுங்கள். மாற்றினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். இன்றைய வாசகருக்கு எச்சரிக்கை தேவைப்படும் இடங்களில் தொடக்கத்தில் ஒரு குறிப்பு வைப்பது, சொல்லை விழுங்குவதைவிட நேர்மையானது.

டெலிகிராமில் சுற்றும் ஸ்கேன் கோப்புகள் உங்கள் வயிற்றில் அடிக்கின்றன என்று நீங்கள் சொல்வது உண்மை. அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தத் திருட்டுக் கோப்பில் அட்டை இருக்கிறது, விலை இருக்கிறது, மாதமும் ஆண்டும் இருக்கின்றன, ஓவியரின் கையெழுத்து இருக்கிறது, அத்தியாயம் உடையாமல் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதில் இவை எதுவும் இல்லை. எது மூலம் என்று சண்டை வரும்போது சாட்சிக்கு அழைக்கப்படுவது திருட்டுப் பிரதிதான். இந்த நிலைமையை உண்டாக்கியது வாசகர்கள் இல்லை.

செலவாகும் என்று சொல்லாதீர்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் எப்படியும் அச்சாகிறது, அதில் நான்கு வரி சேர்ப்பதால் ஓர் அச்சுத்தாள்கூட அதிகமாகாது. இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண் இலவசம், தலைப்பை மாற்றினாலும் பாடத்தைக் கணிசமாகத் திருத்தினாலும் புது எண் வாங்க வேண்டும் என்பது அதன் விதி. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்கும் பிரதி போக வேண்டும். முன்பே ஒப்படைத்த நூலின் மாற்றமில்லாத மறுபதிப்புக்கு மட்டும் அதில் விலக்கு. மாற்றியதா, மாற்றாததா என்ற கேள்வியைச் சட்டமே கேட்கிறது. உங்கள் கோப்பில் ஆண்டு இல்லையென்றால் எழுத்தாளரிடமோ குடும்பத்தாரிடமோ கேட்கலாம். அங்கும் இல்லையென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல் இருக்கிறது.

ஆகவே நாங்கள் கேட்பது இது. ஒவ்வொரு மறுபதிப்பிலும் மின்னூலிலும் முதலில் வெளிவந்த இதழ், மாதம், ஆண்டு, அப்போதைய தலைப்பு ஆகியவற்றைப் பதிப்பு விவரப் பக்கத்தில் போடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே போடுங்கள், நடப்பு ஆண்டை முதற்பதிப்பு ஆக்காதீர்கள். சுருக்கம், திருத்தம், நீக்கம் எதுவானாலும் அதைச் சொல்லி, செய்தவர் பெயரையும் போடுங்கள். தொடராக வந்தவற்றில் பழைய அத்தியாயப் பிரிவையும் எண்ணையும் அப்படியே வையுங்கள். படங்களைச் சேர்க்க ஓவியரின் அனுமதி கிடைக்கவில்லை என்றால் அவர் பெயரையாவது குறிப்பிடுங்கள். அட்டைக்குள் எத்தனை கதை இருக்கிறதோ அத்தனை பெயரும் அட்டையில் இருக்கட்டும். பிழை மலிந்த மின்னூல்களைத் திருத்தி, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கட்டணமில்லாமல் புதுப்பித்துத் தாருங்கள்.

வரும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நீங்கள் கொண்டுவரும் மறுபதிப்புகளிலிருந்து இதைத் தொடங்கலாம். அச்சில் இருக்கும் பழைய இருப்புக்கு, எந்தத் தலைப்பு முன்பு எந்தப் பெயரில் எப்போது வந்தது என்ற பட்டியலை உங்கள் இணையதளத்தில் அதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். பட்டியல் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. விடுபட்டதை அட்டைப் படத்தோடு அனுப்பிவைக்க வாசகர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரியும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மர்ம, திகில் நாவல்களைக் கூடிப் படிக்கும் வாசகர்கள்